தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

"ஜான்கிக்குத் தமிழ் தெரியாதே அம்மா! பிறகு பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பாள்?"

மிஸ் எல்டன் தமிழைச் சென்னை மிஷனில் கற்றவர். புத்தகம் வாசிப்பதுபோல்தான் பேசுவார். எதிரே பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்த செங்கேணி, பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஜான்கி தலை குனிந்துகொண்டாள்.

"தெரியாதுங்களா?" என்றாள் செங்கேணி.

"ஆறு வயதில் என் விடுதிக்கு வந்தவள். இங்கே ஆங்கிலமும் இந்துஸ்தானியும்தான். மறந்துவிட்டாள்."

செங்கேணி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க தொரசாணி, தெரியாதுன்னே வச்சிக்குவோம். நாடி டவுனுல நம்ம சங்கத்துக்காரங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. பொம்பள வாத்தியார் இருந்தாத்தான் பொட்டப் புள்ளைங்கள அனுப்புவோம்னு சனங்க சொல்லுது. இந்தச் சுத்துவட்டாரத்துல படிச்ச பொண்ணு எம் மவ ஒருத்திதான். வந்து கேட்டுட்டுப் போனாங்க. ஆனா நீங்க வளத்த புள்ள. ஒங்களத் தாண்டி நான் கூப்பிட மாட்டேன். நீங்களே அவள ஒரு வார்த்த கேட்டுப்புடுங்க. இங்கதான் இருப்பேன்னாலும் எனக்குச் சம்மதம்தான்."

மிஸ் எல்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்தத் தீவுக்கு வந்து, நாணல் சுவரும் தகரக் கூரையுமாக அவர் எழுப்பிய பள்ளி. இன்னொரு ஆசிரியை அனுப்ப முடியாது என்று சிட்னியில் உள்ள மிஷன் தலைமையிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஜான்கி போய்விட்டால் சின்ன வகுப்புகளை மூட வேண்டியதுதான். அதைவிட, மாலையில் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்க ஆள் இருக்காது.

வேலிக்குள் தமிழ் கூடாது என்பது அவர் போட்ட விதி. தமிழ்ப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், இந்துஸ்தானிப் பிள்ளைகள் என்று தனித்தனியாக நின்று கல்லெறிந்துகொண்ட காலம் அது. மீறிப் பேசினால் மாலைவரை கழுத்தில் ஒரு மரப்பலகை தொங்கும். "அம்மா எப்ப வரும்?" என்று அழுது, வந்த அன்றே ஜான்கி அந்தப் பலகையை மாட்டிக்கொண்டாள். அதன்பின் அவள் ஒரு தமிழ்ச் சொல் பேசி மிஸ் எல்டன் கேட்டதில்லை. அந்தச் சின்னக் கழுத்தை நினைத்துப் பிறகொரு நாள் பலகையை அடுப்பில் போட்டார். விதியை மட்டும் எடுக்கவில்லை.

ஞாயிறுதோறும் செங்கேணி கிழங்கு அவித்துக் கொண்டுவருவாள். ஜான்கி வாசலைத் தாண்டி, கரும்பு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாமரத்தடியில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். உள்ளே அழைத்து வா என்றாலும் கேட்க மாட்டாள். அம்மாவின் பழைய சேலைக்காகக் கூச்சப்படுகிறாள் என்று மிஸ் எல்டன் நினைத்திருந்தார். இன்றுதான் செங்கேணி முதன்முதலாக வாசலுக்குள் வந்திருந்தாள்.

"என்னாங்க யோசன? ஒங்க இங்கிலீசுலயே கேளுங்க."

மிஸ் எல்டன் ஜான்கி பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் சொன்னார்.

"வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொல்கிறார் உன் அம்மா. மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம்."

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

ஜான்கி நிமிர்ந்தாள். அவளும் ஆங்கிலத்தில் கேட்டாள். "அம்மா அப்படியா சொன்னார்கள், மிஸ்?"

"ஆமாம்."

"இவ்வளவு நேரம் பேசினார்களே. வேறு ஒன்றும் சொல்லவில்லையா?"

"மாப்பிள்ளையைப் பற்றித்தான். கரும்புத் தோட்டம் இருக்கிறதாம்."

"சங்கம் என்று ஏதோ காதில் விழுந்ததே, மிஸ்?"

"கல்யாணத்தைச் சங்கத்துக் கட்டடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்."

ஜான்கி அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். "எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்றாள்.

மிஸ் எல்டன் செங்கேணியிடம் தமிழில் சொன்னார். "வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அம்மா."

அந்த ஒரு சொல்லாவது பொய்யில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

"அவ இஷ்டங்க." செங்கேணி எழுந்தாள். காலடியில் இருந்த டாலோ கிழங்கு மூட்டையை மேசையோரம் நகர்த்தி வைத்தாள். "இது ஒங்களுக்குத்தான் கொண்டாந்தேன். எம் புள்ளய நல்லா வளத்தீங்க. நல்லா இருங்க தொரசாணி."

"அம்மாவைக் கொஞ்சதூரம் விட்டுவிட்டு வரட்டுமா, மிஸ்?" என்று கேட்டாள் ஜான்கி.

மிஸ் எல்டன் தலையசைத்தார். அவர்கள் படியிறங்கினார்கள்.

கிழங்கில் ஈரமண் ஒட்டியிருந்தது. காலையில் பிடுங்கியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஏன் நாளைக்கு? தொப்பியைக்கூட எடுக்காமல் வெயிலில் இறங்கி வேகமாக நடந்தார். பொய் சொன்னேன், ஜான்கி. உன்னை ஆசிரியையாகக் கேட்கிறார்கள். போவதும் இருப்பதும் உன் விருப்பம். இந்த மூன்று வாக்கியம் போதும்.

வேலி வாசற்கதவில் கைவைத்தபோது இருவரும் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தார்கள்.

"என்னாடி பேசிக்கிட்டீங்க ரெண்டு பேரும்?" செங்கேணியின் குரல் கேட்டது.

மாமரத்தடியிலிருந்து பதில் தமிழில் வந்தது. செங்கேணி பேசும் அதே தமிழ். எங்கும் தடங்கலில்லை.

"நீ எனக்கு மாப்பிள்ள பாத்திருக்கியாம். மூணு தரம் கேட்டேம்மா, ஒரு தரமாவது உள்ளதச் சொல்லிட மாட்டாங்களான்னு. நான் சங்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்துடறேன்." ஜான்கி மூக்கை உறிஞ்சினாள். "சொல்லியிருந்தாங்கன்னா, இவங்கள விட்டு வர மாட்டேன்னு ஒங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."