வெறும் பீங்கான்

"என்ட கேக் அச்ச எடுத்து வெச்சிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இரிக்கிற ஆளுக்குத்தான் செல்றன்! வாங்குறதுக்குக் கை நீளுது, திருப்பித் தாறதுக்கு மட்டும் முடமாப் போச்சா?"

ஹுஸ்னியா தன் குசினி வாசலில் நின்று கத்தினாள். பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. தகர வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடுதான். றாஹிலாவின் வீடு.

சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தே கேக் அடித்து விற்பவள் ஹுஸ்னியா. கல்முனை பஸாரில் மாக்கடை முதலாளி முதல் முட்டைக்காரன் வரை அவளைக் கண்டதுமே விலையைக் குறைத்துவிடுவார்கள். குறைக்காவிட்டால் கடை பூட்டும்வரை நின்று கதைப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

புதிதாக எதையாவது செய்து பார்த்தால் அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு பீங்கான் தட்டில் கேக் போகும். போன பீங்கான் வெறுமையாகத் திரும்பாது. முட்டையோ மாங்காயோ ஒரு பிடி கச்சான் கடலையோ வைத்துத்தான் கொடுப்பார்கள். அங்கே அதுதான் மரியாதை.

றாஹிலா வீட்டுக்குப் போன பீங்கான்கள் மட்டும் கொஞ்ச நாளாகத் திரும்பவே இல்லை.

பீங்கான் போனால் போகட்டும். போன கிழமை கருப்பட்டிப் பாகு ஊற்றி வட்டிலப்பக் கேக் ஒன்று செய்து பார்த்தாள். கழன்றுவந்த துண்டுகள் தெருவில் மற்ற வீடுகளுக்குப் போயின. ஒட்டிக்கொண்டு வராத மிச்சத்தைப் பொறுமையில்லாமல் அச்சுடனேயே வேலிக்கு மேலால் றாஹிலாவிடம் நீட்டிவிட்டாள்.

நடுவில் குழல் வைத்த அச்சு. இருந்ததே அந்த ஒன்றுதான். நாளைக்கு மருதமுனையில் ஒரு கலியாண வீடு. வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கேக்தான் வேணும் என்று ஓடர் தந்திருந்தார்கள்.

"என்னகா, இன்னும் அச்சு வரல்லையா?" முன்வீட்டு உம்மு இரும்புக் கேட்டுக்குள் தலையை நீட்டினாள்.

"எங்க வரும்? கேக் செமிச்சிட்டு. அச்சு செமிக்க நாளெடுக்குது போல!"

"நானெண்டா நேரபோய்க் கேட்டிருப்பன்."

"இந்தா, போறன்!"

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். றாஹிலா தன் குசினிக்குள் நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்னடி புள்ள இது, பீங்கான் கடை போடப் போறியா?" ஹுஸ்னியா கேட்டாள்.

சுவர்ப் பலகையில் ஹுஸ்னியாவின் பீங்கான்கள் எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தன. உச்சியில் அச்சு, தூசு படாமல் துணி போர்த்தியபடி.

றாஹிலா ஸலாமுக்கு மெல்லப் பதில் சொன்னாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"வெறும் பீங்கான எப்பிடி ராத்தா நீட்டுற? கடல் குழம்பின நாளிலிருந்து அவர் தொழிலுக்குப் போகல்ல. என்னத்தையும் சுட்டு வெச்சு அனுப்புவம் எண்டு பாத்துக்கிட்டே இருந்தன். அதுக்குள்ள அடுத்த பீங்கான் வந்திரும். பிறகு அச்சும் வந்திச்சி. வெக்கமாப் போச்சி ராத்தா."

அடுப்படியில் சீனிப் போத்தல் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

ஹுஸ்னியா அந்தப் போத்தலைப் பார்த்தாள். அச்சை எடுத்தாள். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"கேக்காவது நல்லா இருந்திச்சா?"

"ஓம் ராத்தா."

"என்ட மூஞ்சப் பாத்துச் செல்லு."

"புள்ளைகள் தின்டிச்சுகள். ஆனா கருப்பட்டி கொஞ்சம் கருகிட்டு போல ராத்தா. கடைசில கசந்திச்சி."

"கசந்திச்சா? தெரு முழுக்க மாஷா அல்லாஹ் எண்டுதானே தின்டிச்சி!"

"இல்ல ராத்தா, என்ட நாக்குத்தான் சரியில்லையாக்கும்..." றாஹிலா பதறினாள்.

ஹுஸ்னியா அச்சை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறு என்று வீட்டுக்கு வந்தாள். நாளைய கேக்குக்குக் காய்ச்சிய கருப்பட்டிப் பாகு அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தொட்டுத் தொட்டு நக்கியதில் நாக்கு மரத்துப் போயிருந்தது. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஒரு சொட்டைத் தொட்டு வைத்தாள்.

கசந்தது.

பாகு முழுவதையும் வாழையடியில் ஊற்றினாள்.

உம்மு இன்னும் கேட்டடியிலேயே நின்றாள். "என்னவாம்? அவள்தானே வெச்சிருந்த?"

ஹுஸ்னியா பழையபடி குசினி வாசலில் ஏறி நின்றாள். குரல் முன்னதைவிடப் பலமாக வந்தது.

"அச்சு என்ட மா வாளிக்குப் பின்னாலதான் கிடந்திச்சி! நான்தான் கண் தெரியாதவள்!"

"அல்லாஹ்வே! அதுக்கா இந்தக் கத்துக் கத்தின?"

"ஆனா அந்த ஆளுக்கு இன்னும் செல்ல இரிக்கி!" ஹுஸ்னியா வேலிப்பக்கம் திரும்பினாள். "முட்டை வெச்சுத் தந்த ஆக்களெல்லாம் கூடவே ஒரு பொய்யையும் வெச்சுத் தந்திருக்காங்க. என்ட பாகு கசக்குது எண்டு செல்லக்கூடிய ஒரே ஒரு ஆள் இவ்வளவு நாளும் வாயத் தொறக்கல்ல!"

உம்மு முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"புதுப் பாகு காய்ச்சப் போறன். அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு பீங்கான் வரும். தின்டு பாத்துப் பிழைய ஒளிக்காமச் செல்லோணும். பிழை பாக்கிற ஆள் முட்டையும் மாங்காயும் வெச்சா அது லஞ்சம். கேக்குதா? இந்தத் தரமாவது முறையா, வெறும் பீங்கானத் திருப்பித் தரச் செல்லுங்க அந்த ஆள!"