சாடிக்குள் இருப்பவர்

கடலுக்குப் போய்த் திரும்பாத வியாகுலத்தின் சிரிப்பு, மணப்பாட்டு வீட்டு அடுப்படியில் ஈஸ்ட் சாடிக்குள் குடியிருந்தது. சிரிப்பைச் சேமித்துத் தரும் ஒரு நிறுவனத்தார், புரத ஓடு இல்லாத ஒரு வைரஸின் மரபணுவில் அதை எழுதி வைத்திருந்தார்கள். ஓடு இல்லாததால் அது ஒருநாளும் வெளியே போகாது. ஈஸ்ட் குட்டி போட்டால், குட்டிக்குள்ளும் அதுவே இருக்கும். காலையில் கொஞ்சம் சீனித்தண்ணீர் ஊற்றினால் போதும்.

சாடி பொங்கி வழியாமலிருக்க அவர் மனைவி சலேத்மேரி தினமும் பாதியை எடுத்து அப்ப மாவில் கலந்துவிடுவாள். மீதிப் பாதி நுரைக்க நுரைக்க, மூடியிலிருக்கும் சின்ன ஒலிபெருக்கி மெல்லச் சிரிக்கும். அலை வந்து காலை நனைத்துவிட்டுத் திரும்புவதுபோல இருக்கும். அதைக் கேட்டபடி அவளும் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

சலேத்மேரிக்குத் தலை நரைத்தபிறகு ஒருநாள் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்.

"பெருகப் பெருகச் சின்னச் சின்னப் பிழை சேர்ந்துடும்மா. இப்ப சாடியில இருக்கிறது உங்க வீட்டுக்காரர் சிரிப்பே இல்ல. அசலை நாங்க உறையவச்சு வச்சிருக்கோம். இதைக் கொட்டிட்டு அதை ஊத்திக்கோங்க."

கையோடு கொண்டுவந்த குப்பியை ஒலிபெருக்கியில் பொருத்தினாள். வியாகுலம் உயிரோடிருந்தபோது சிரித்த சிரிப்பு, அடுப்படி அதிர எழுந்தது.

சலேத்மேரி சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"அந்த ஆள மொதல்ல வெளிய கூட்டிட்டுப் போம்மா," என்றாள், சாடியைக் கையால் அணைத்தபடி. "எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டு இருக்காரு."