ராஜாம்பாளின் ஸ்பானிஷ் நோட்டு

"பெரெஸோசோ... பெரெஸோசோ..." என்று முணுமுணுத்துக்கொண்டே மக்காச்சோளக் கதிர்களை ஒடித்துக் கூடையில் போட்டாள் ராஜாம்பாள்.

"இன்னாக்கா அது, ஸ்பானிஷா?" பக்கத்து வரிசையிலிருந்து நிர்மலா எட்டிப் பார்த்தாள். "இன்னா அர்த்தம்?"

"தங்கமான புள்ளனு அர்த்தம். வரப்போற மருமவகிட்ட நம்ம சங்கரப் பத்தி நாலு வார்த்த சொல்ல வாணாமா?"

நிர்மலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பாள்!

சங்கராபுரம் தாண்டி, மலையடிவாரத்து அந்த ஊர் முழுக்க இதே பேச்சுதான். ராஜாம்பாளின் மகன் சிவசங்கர் ஸ்பெயினில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். அங்கேயே லுசியா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவன் சொன்னபோது, ராஜாம்பாள் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். நான்காம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, "சரி, கல்யாணத்துக்கு வரோம். ஆனா அந்தப் பாஷயக் கத்துக்குனுதான் பிளைட்டு ஏறுவன்" என்று சொல்லிவிட்டாள்.

கற்றுக்கொடுத்தது செல்போன். இவள் தமிழில் கேட்பாள். அது ஸ்பானிஷில் சொல்லும். அதைத் தமிழ் எழுத்திலேயே, பக்கத்தில் அர்த்தத்தோடு, ஒரு நோட்டில் எழுதி, வயலிலும் பஸ்ஸிலும் உருப்போட்டாள்.

வியாழக்கிழமை விமானம். ஞாயிறு சாயங்காலம் அவள் புருஷன் நாராயணசாமி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மகன் கேட்டபடி மாங்காய், நார்த்தங்காய், எலுமிச்சை என்று எட்டு பாட்டில் ஊறுகாய்.

"ஊருல இருந்தப்ப ஊறுகா பாட்டில தொடக்கூட மாட்டானே. இப்ப இன்னா இத்தினி?" என்றார்.

"அந்த ஊருச் சோத்துல புள்ளைக்கு நாக்கு செத்துப்போயிருக்கும்" என்றாள் ராஜாம்பாள். "அந்தப் பொண்ணுக்கு இன்னா சமைக்கத் தெரியும்!"

துணிகளுக்கு நடுவே நோட்டு தட்டுப்பட்டது. நாராயணசாமி சும்மா புரட்டினார். முதல் இரண்டு பக்கத்தில் தண்ணீர் வேண்டும், பாத்ரூம் எங்கே, வழி தெரியவில்லை, கறி வேண்டாம் என்று ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் அவர் கண் நின்றது.

"என் மகன் சோம்பேறி... குறட்டை விடுவான்... துணி துவைக்க மாட்டான்... பொய் சொல்லுவான்... இன்னாடி இது?"

"பயணத்துக்குப் படிக்கிறன்."

"எந்த ஊருப் பயணத்துல இதக் கேக்குறான்?"

ராஜாம்பாள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அவள வாணாம்னு நாம சொன்னா கேப்பானா? அந்தப் பொண்ணே வாணாம்னு ஓடணும். எங்கண்ணன் மவ சந்திரலேகா எவ்ளோ நாளா காத்துக்கினு கீறா! இன்னிக்கே சொல்லி முடிச்சுட்டா, வியாழக்கெழம போயி புள்ளயக் கையோட கூட்டியாந்துடலாம்."

"பாவம்டி..."

"கம்முனு கெட."

சிக்னல் மாடியில்தான் கிடைக்கும். நோட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ஏறினாள். நாராயணசாமி மனசு கேட்காமல் பின்னாலேயே வந்தார்.

வீடியோவில் சங்கர் வந்தான். "எம்மா, ரெடியா?"

"ரெடிடா. மருமவகிட்ட என் ஸ்பானிஷப் பேசிப் பாக்கணும். நீ இருந்தா வெக்கமாகீது, கொஞ்சம் வெளியே போ."

அவன் பூரித்துப்போய், போனை லுசியாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கழுத்து வரை சால்வை போர்த்திய லுசியாவின் முகம் திரையில் தெரிந்தது. ராஜாம்பாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மி இஹோ எஸ் பெரெஸோசோ." என் மகன் சோம்பேறி.

லுசியாவின் புருவம் உயர்ந்தது.

"ரோங்கா முச்சோ." ரொம்பக் குறட்டை விடுவான்.

லுசியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ராஜாம்பாளுக்குத் தெம்பு வந்துவிட்டது. துணி துவைக்காததைச் சொன்னாள், பொய் சொல்வதைச் சொன்னாள். ஏழாவது படிக்கும்போது பரீட்சைக்குப் பயந்து வைக்கோல் போரில் ஒளிந்துகொண்டதைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண்ணின் முகம் சிவந்துகொண்டே போனது.

"பாத்தியா, மொகத்த!" புருஷன் பக்கம் திரும்பித் தமிழில் கிசுகிசுத்தாள். "இன்னும் ரெண்டு வுட்டா போதும், ஓடிடுவா. நாளைக்கே எங்கண்ணனுக்குப் போன் போட்டு நாள் பாக்கச் சொல்லிடலாம்."

"நல்ல பொண்ணா தெரியுதுடி" என்றார் நாராயணசாமி, குரல் இறங்கி.

நல்ல பெண்தான். ராஜாம்பாளுக்கே ஒரு நொடி என்னவோபோல் இருந்தது. ஆனாலும் பக்கத்தைத் திருப்பி, இரண்டு வாரமாக மனப்பாடம் செய்த கடைசி வரியைப் படித்தாள். "நோ தே காஸெஸ் கோன் எல்." அவனைக் கட்டிக்கொள்ளாதே.

லுசியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

கையை எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, சங்கர் பேசும் அதே சங்கராபுரத்துத் தமிழில் சொன்னாள்:

"அதெல்லாம் தெரியும் அத்தே... நீங்க வர்றது கல்யாணத்துக்கு இல்ல, வளகாப்புக்கு!"