தடைமுகாமில் கூனிய முதுகு

வவுனியா ஆஸ்பத்திரி அறையில் மின்விசிறி சுற்றுகிறது. வெய்யில் மட்டும் மேசையில் அசையாமல் கிடக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து கணவர் சவிரிமுத்துவைக் கூட்டிவந்த றெஜினா, டொக்டரின் காலிலுள்ள சப்பாத்தையே பார்க்கிறாள். துருவித் துருவிக் கேட்கிறவன் ஆமியா இயக்கமா, எந்தப் பக்கத்து ஆள் என்று சப்பாத்து சொல்லிவிடும் என்பது அவள் கணக்கு. "மூளையில வந்த நிணநீர்ப் புற்றுநோய், அம்மா. மருந்தைத் தாங்குவாரோ, எவ்வளவு காலம் இருப்பாரோ எண்டதை வயசும் நடையும்தான் சொல்லும். ஐயாவுக்கு என்ன வயசு?" "எழுவது," என்கிறார் சவிரிமுத்து. கூனியபடி அறையைக் கடந்தும் காட்டுகிறார். பயணப் பாஸ் கொடுத்துக் கிழவர்களைத்தான் வெளியே விடுவார்கள் என்று கேள்விப்பட்டு, போன கிழமை வழியில் ஆமியின் தடைமுகாமிலும் இப்படித்தான் கூனினார். காவலுக்கு நின்றவன் கதிரையைக் கொடுத்ததோடு, செத்த தன் பாட்டனை நினைத்து அழவும் செய்தானாம். டொக்டரின் முகம் தொங்குகிறது. "அறுவது தாண்டி, நடையும் இப்பிடியெண்டால் கன காலம் சொல்லேலாது." றெஜினா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். "டொக்டர், நீங்கள் கேக்கிற வயசு பாசுக்கோ, இந்த நோய் வருத்தத்துக்கோ?" "வருத்தத்துக்கு." "அப்ப அம்பத்திரண்டு. இஞ்சேருங்கோ, நிமிந்து நடவுங்கோ!" சவிரிமுத்து பாய்மரம் போல நிமிர்ந்து நடக்கிறார். இடது கால் மட்டும் நிலத்தைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வருகிறது. "அதையும் விடுங்கோவன், இனி நடிக்கத் தேவையில்லை," என்கிறாள். "நான் நடிக்கேல்லையடி," என்கிறார் சவிரிமுத்து.