கால் பக்கம் நின்றவன்

“அப்பா தூங்குறாரா சிஸ்டர்?”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு தம்பி இன்றைக்கும் அதையேதான் கேட்டான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அப்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். பிழைப்பாரா என்று கேட்க வேண்டிய பிள்ளை தூங்குகிறாரா என்று கேட்கிறான்!

“தூங்குறார். போய்ப் பாருங்க,” என்று கதவைத் திறந்துவிட்டாள் நர்ஸ்.

அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தம்பி பூனை மாதிரி அடியெடுத்து வைத்து நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனான். போர்வையை விலக்கினான். பாதத்தைத் தொட்டான். கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் மெல்லத் தடவிப் பார்த்தான். மறுபடி போர்த்திவிட்டுத் திரும்பிவிட்டான். தலைமாட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சண்டை பெரிய சண்டைதான், இல்லையென்று சொல்ல முடியாது. அப்பா நாயாய் அலைந்து வாங்கிக் கொடுத்த வேலையை ஒரே நாளில் உதறிவிட்டு, தம்பி வண்ண மீன் கடை போட்டான். “மீன் தொட்டிக்குக் காத்து ஊதவாடா உன்னைப் படிக்க வெச்சேன்? இனிமே என் முகத்துல முழிக்காதே!” என்று அப்பா கத்தினார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. வருஷக்கணக்காகியும் ரெண்டு பேரும் இறங்கி வரவில்லை.

தம்பி வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டா, அப்பா முகத்தைப் பார்த்தா உன் கிரீடம் இறங்கிடுமா?”

“முட்டி வரைக்கும் சூடு வந்திருக்குக்கா. நேத்து தொடையோட நின்னுச்சு. பாதம்தான் இன்னும் ஜில்லுனு இருக்கு.”

“நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்றே? அவர் ஏதோ கோபத்துல முகத்துல முழிக்காதேன்னாரு. அதையே பிடிச்சுட்டுத் தொங்குவியா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?”

தம்பி திருப்பிக் கேட்டான்.

“டாக்டர் சொன்னப்போ நீயும் பக்கத்துலதானே இருந்தே?”

இருந்தாள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மாரடைப்பில் இதயத் தசை அடிபட்டிருக்கிறது. அடைப்பை எடுத்தாயிற்று. ஆனால் ரத்தத்தைத் தள்ளுகிற சக்தி குறைந்துவிட்டது. கார்டியோஜெனிக் ஷாக் என்று பெயர். இதயம் தள்ளிவிடுகிற கொஞ்ச ரத்தத்தை உடம்பு முதலில் மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிவிடும். கை கால்களுக்கு அப்புறம்தான். மருந்து பிடித்தால் கால்களுக்கும் ஓட்டம் வரும், சூடு மேலிருந்து கீழே இறங்கும். அதுவரைக்கும் அந்த இதயத்துக்குக் கூடுதல் வேலை வைக்கக் கூடாது. அழுகை, கோபம், வாக்குவாதம் எதுவும் வேண்டாம்.

“அதான்க்கா,” என்றான் தம்பி. “முழிச்சிருக்கும்போது போனா என்னைப் பார்ப்பாரு. பார்த்தா கோபம் வரும். என்னைத் திட்டறதுக்குக்கூட இப்போ அவருக்குத் தெம்பு இல்லை. அவர் தூங்கறப்போ, கண்ணு படாத பக்கமா நின்னு, சூடு எது வரைக்கும் வந்திருக்குன்னு பார்த்துட்டு ஓடி வந்துடறேன். நல்லாகி வீட்டுக்கு வரட்டும். அப்புறம் நாள் முழுக்க உட்கார வெச்சுத் திட்டட்டும்.”

அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று சொந்தக்காரர்களுக்கு ஒருத்தர் விடாமல் போன் போட்டுச் சொன்னதே அக்காதான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லை. கீழே போய் ஏதாவது சாப்பிட்டு வர்றேன். நீ உள்ளே போ. கண்ணைத் தொடைச்சுட்டுப் போ.”

துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா மூக்கையும் வாயையும் மூடிய ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு தலையணைகளில் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்தபடி அக்கா சத்தம் காட்டாமல் நின்றாள்.

அப்பாவின் ஒரு கண் மட்டும் திறந்தது. வாசல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பியது.

“போயிட்டானா?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“யாருப்பா?”

“மீன்காரன்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்பா! அப்போ நீங்க தூங்கலையா?”

“அவன் வர்றப்போ எப்படிம்மா தூக்கம் வரும்?”

“கூப்பிடட்டுமாப்பா? கீழேதான் இருக்கான்.”

“ஐயோ, வேணாம்! ரோஷக்காரப் பய. நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா இந்தப் பக்கமே வரமாட்டான்.” மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “நர்ஸம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவன் எப்போ வந்து கேட்டாலும், நான் தூங்குறேன்னுதான் சொல்லணும்.”