பேசிக்குக்கு வைத்த பொட்டு

ஏற்காட்டு அடைமழையில் ஓர் இரவு முழுக்கக் கரண்ட் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை என்று சொன்னால், மலைச்சாமி சேர்வராயனே குகையை விட்டு வெளியே வந்து சிரிப்பார்.

எஸ்டேட் ஆபீசின் புரோகிராமர் ஸ்தனிஸ்லாஸ் அன்று காலையில் அதைத்தான் சொன்னான். சிரிக்காமல் சொன்னான்.

"போயிருக்கும் கண்ணு," என்றார் எலக்ட்ரீஷியன் பெரியநாயகம். "போயிட்டு வந்திருக்கும். நீ தூங்கியிருப்பே."

முந்தின நாள் ஆயுத பூசை.

ஆபீஸ் வாசலில் விரித்த வாழையிலையில் கவாத்துக் கத்தி, மண்வெட்டி, ஜீப்பின் ஸ்பேனர் எல்லாம் வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டன. "உங்க ஆயுதத்தைக் கொண்டாங்க சார்," என்று பூசை செய்த மேஸ்திரி வெள்ளையன் கேட்டபோது ஸ்தனிஸ்லாஸ் திணறிப்போனான்.

அவனுடைய ஆயுதம் பேசிக். கணிப்பொறிக்குத் தெரிந்த மொழிகளிலேயே அதுதான் தேன் என்பது அவன் கட்சி. சோறு தின்னும்போதும் பேசிக், சர்ச்சில் முழங்காலிடும்போதும் பேசிக். மனைவி மரியசெல்வியிடம் சண்டை போட்டால்கூட வரிக்கு வரி நம்பர் போட்டுத்தான் போடுவான்.

ஆனால் பேசிக்கை இலையில் எப்படி வைப்பது?

கடைசியில் பிளாப்பிகளைக் கொடுத்தான். புரோகிராம் இருந்த எல்லாவற்றையும். ஒன்றைப் பதுக்கிவைத்தால், வேதக்காரன் நம் சாமிக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

வெள்ளையனுக்குப் பூசையில் பாரபட்சமே கிடையாது. ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறிக்கு மாலை போட்டார். கீபோர்டுக்குப் பொட்டு வைத்தார். கணிப்பொறியின் தலைமேல் புது வேட்டியைப் போர்த்தினார். ஸ்தனிஸ்லாஸ் அதை அணைக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூசை போட்டதை நாளைக்குக் காலை வரைக்கும் ஆரும் தொடக்கூடாதுங்க."

அப்படியே பூட்டிவிட்டுப் போனார்கள்.

விடிந்தது. விடிந்ததும் போன் வந்தது. முதலாளி அடிவாரம் தாண்டிவிட்டார்.

யார் எவ்வளவு காப்பிப்பழம் பறித்தார்கள் என்று அவர் முன்னால் அந்தக் கணிப்பொறிப் பெட்டி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டி அவருடைய காரிலேயே கீழே இறங்கும். ஸ்தனிஸ்லாஸ் பின்னாலேயே பஸ்ஸில் இறங்குவான்.

புரோகிராமைப் பெட்டியில் மறுபடி ஏற்ற அவன் பிளாப்பிகளைக் கையில் எடுத்தான்.

பிளாப்பியின் உறையில் கண்ணைப்போல ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் தகடு அதில் தெரியும். உலகத்தில் எவன் விரலும் படக்கூடாத இடம் அது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும், சரியாக அந்த இடத்தில்தான், வெள்ளையன் மைசூர்பாகு கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். அது காய்ந்து ஆமையோடாக இறுகிவிட்டிருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கணிப்பொறிமேல் கிடந்த வேட்டியை இழுத்தான்.

வேட்டிக்குக் கீழே திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

புரோகிராம் நேற்று விட்ட இடத்திலேயே, வரி பிசகாமல் நின்றது.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் அந்தப் பெட்டிக்கு எல்லாம் மறந்துவிடும். அணைக்காமல் விட்டுப்போன ஒவ்வொரு முறையும் காலையில் அது வெற்றுத் திரையைக் காட்டிப் பல்லிளித்திருக்கிறது. கம்பியில் குரங்கு தொங்கியிருக்கும், சில்வர் ஓக் மரம் சாய்ந்திருக்கும் என்று எஸ்டேட்டே அவனுக்கு ஆறுதல் சொல்லும். நேற்றுப் பெய்ததோ மலையையே கரைத்துச் சேலத்துக்கு அனுப்பும் மழை.

மேசை டிராயரில் கிடந்த காலி பிளாப்பி ஒன்றைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு புரோகிராமைப் பதித்தான். பதிந்தது. ஓட்டினான். ஓடியது.

ஓடியும் குழப்பம் தீரவில்லை. மாலை காரணமா? வேட்டி காரணமா? படித்த மூளை எதையெதையோ போட்டுக் கிண்டியது.

"போயிட்டுத்தான் வந்திருக்கும்," என்றார் பெரியநாயகம் மறுபடியும். "மெசினுக்கு ஞாபகசக்தி நொம்ப சாஸ்தியாயிருக்கும்."

"எல்லாம் நம்ம சந்தனமுங்க," என்றார் வெள்ளையன். "இனிமே தினமும் சாயங்காலம் பூசிப்போடலாம்."

ஸ்தனிஸ்லாஸ் அதற்கும் தலையாட்டினான். வேறு என்ன செய்வான், பாவம்.

வெள்ளையன் அப்போதே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "அந்த மெயின் சுவிட்சுல நேத்து வெச்ச பொட்டு உதுந்துபோச்சு. மொதல்ல அதுக்கு ஒண்ணு வெச்சுட்டு வந்தர்றேன்."

பெரியநாயகம் பாய்ந்துபோய் மெயின் போர்டின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

கீழே கொண்டை ஊசி வளைவில் முதலாளியின் கார் ஹாரன் அடித்தது.

"அங்க மட்டும் வேண்டாம் வெள்ளையா," என்றார் பெரியநாயகம். பிறகு ஸ்தனிஸ்லாஸின் முகத்தைப் பார்க்காமல் குரலை இறக்கினார். "நீ சொன்னது நெசந்தான் கண்ணு. ராத்திரி கரண்ட் போகவே இல்லை. மழையில ஏதாச்சும் புகைஞ்சா நடுத்தூக்கத்துல என்னையத்தான எழுப்பறாங்கன்னு, தினமும் ஆபீசைப் பூட்டுனதும் நாந்தான் மெயினை அமத்திட்டு ஊட்டுக்குப் போவேன், காலையில மொத ஆளா வந்து போட்டுருவேன். நேத்து இவன் அதுக்கும் பொட்டு வெச்சுட்டான். சாமி மேல எப்படிக் கை வெக்கறது?"