பச்சை காட்டிய பாட்டில்

முந்நூற்று நாற்பத்தோராவது பாட்டிலை மேசைமேல் வைத்த இலாபென் அதிலிருந்து உடனே கையை எடுக்கவில்லை.

நிமேஷ்பாய் அதைக் கவனிக்கவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சூரத்திலிருந்து வந்த மனிதருக்குக் காலையிலிருந்து லேபிள்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வேலை லேசானதுதான். லேபிளில் இருக்கும் பெயரை அவர் தட்டுவார். எந்தெந்த நாட்டில் அதற்குத் தடை, சந்தையில் கிலோ என்ன விலை, யார் யார் விற்கிறார்கள் என்று அந்த மென்பொருள் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும்.

தடை இருந்தால் சிவப்பு. கடையில் வாங்கக் கிடைத்தால் மஞ்சள். சிவப்பும் மஞ்சளும் எரிஉலைக்குப் போகும். இரண்டிலும் சேராதது, அதாவது உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதது, பச்சை. அது மட்டும் கம்பெனியின் சொத்து. பூட்டிப் பத்திரமாக வைப்பார்கள்.

திங்கட்கிழமை, சரக்கு வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள். அதற்குள் குஜராத்தின் வாபியில் இருக்கும் இந்தப் பழைய சாய லேப் காலியாக வேண்டும்.

இதுவரை ஒரு பச்சைகூட வரவில்லை.

"நாப்பது வருஷமா இங்க உக்காந்து என்னதான் பண்ணீங்க, பென்? எல்லாமே கடைச் சரக்கால்ல இருக்கு" என்று மத்தியானமே நிமேஷ்பாய் கேலி செய்துவிட்டார். பென் என்றால் குஜராத்தியில் அக்கா.

இலாபென் சிரித்து வைத்தாள்.

ஒரே ஒரு சிவப்புச் சாயத்தின் பெயர் திரையில் வந்தபோது மட்டும் மனசு எங்கேயோ போய்விட்டது. அந்தச் சாயத்துக்காக லாரிகள் ராத்திரி பகலாக வாசலில் நின்ற காலம் உண்டு. ஜஷ்வந்த்பாயின் சட்டைக் காலரில் தொடங்கிக் காது மடல் வரைக்கும் அந்தச் சிவப்புதான். "ஊருக்கெல்லாம் ஹோலி ஒருநாள். நமக்கு தினம்" என்பார். இப்போது பாதி உலகத்தில் அதற்குத் தடை. விலையென்று போட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

ஜஷ்வந்த்பாய் எதிர் மேசைக்காரர். இருபத்திரண்டு வருஷம் எதிரெதிரே நின்று வேலை பார்த்தார்கள். ஒரு வார்த்தை மிஞ்சிப் பேசியதில்லை, பேச வேண்டியும் இருக்கவில்லை. நாலு மணி எப்போது ஆகும் என்று அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மாதிரி சந்தோஷம் பிறகு வாய்க்கவே இல்லை.

அவர் போய் ஆறு வருஷமாகிறது. மாலை போட்ட படம் அவர் வீட்டில் இருக்கிறது. மனைவி கோகிலாபென்னுக்கு அவருடைய கைக்கடிகாரம், மகனுக்கு அவருடைய ஸ்கூட்டர். இலாபென்னுக்கு இந்தப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் அவர் கையெழுத்து மட்டும்தான்.

இந்த லேபிலிருந்து பாட்டில் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் வீட்டில் என்னவென்று சொல்லி வைப்பாள்?

இது எரியக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நிமேஷ்பாய் லேபிளை எழுத்தெழுத்தாகப் படித்தார். ரயில்பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகிற பெயர். அதற்குக் கீழே, நோட்டு எண் பதினேழு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.

தட்டினார். பிழையாகத் தட்டிவிட்டோமோ என்று இன்னொரு தரம் தட்டினார்.

தடை எங்கும் இல்லை. விலை இல்லை. விற்பவர் யாருமில்லை.

பச்சை.

"அடேயப்பா" என்று நிமேஷ்பாய் நாற்காலியில் நிமிர்ந்தார். "உலகத்துலயே இது ஒண்ணுதான் பென். உங்க ஜஷ்வந்த்பாய் பெரிய ஆளுதான் போங்க."

"பெரிய ஆளுதான்" என்றாள்.

பச்சை என்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். அவர் கேட்டுக்கொண்டே போக, அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நிறம் வெள்ளை. வாசனை கிடையாது. தண்ணீரில் நன்றாகக் கரையும், சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கரையும்.

"கடைசியா ஒண்ணு. இதனால யார் உடம்புக்காவது கெடுதல் வந்திருக்கா? ஆமான்னா பச்சையாவது ஒண்ணாவது, நேரா உலைக்குத்தான்" என்றார் திரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

இலாபென் லேபிளைப் பார்த்தாள்.

பதினேழாம் நோட்டில் மொத்தமே இருநூறு பக்கம்தான். அந்தப் பெயரில் ஒரு ரசாயனமும் இந்த உலகத்தில் கிடையாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே இருவருமாகச் சேர்ந்து கட்டிய பெயர் அது. மேனேஜர் கண்ணில் படாமலிருக்க அவர்தான் லேபிள் எழுதி ஒட்டினார்.

பாட்டிலில் இருப்பது சர்க்கரை.

டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகு கோகிலாபென் சர்க்கரை போடாத டீயைத்தான் பிளாஸ்க்கில் கொடுத்தனுப்புவாள். நாலு மணிக்கு அவர் கப்பை இந்தப் பக்கம் நகர்த்துவார். இலாபென் ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை. முதல் வாய் குடித்ததும் அவர் முகம் மலரும், அதைப் பார்ப்பதற்காகவே நிறைய நிறைய இரண்டு கரண்டி போடுவாள். முதலில் அவருக்குக் கால்விரல் போனது. அப்புறம் கால். அந்த நிலையிலும் ஊன்றுகோலோடு வந்து கப்பை நகர்த்தினார். அப்போதும் போட்டாள்.

"பென், ஆமாவா இல்லையா? அடிக்கணும்."

"இல்ல" என்றாள் இலாபென்.